தடயவியல் நிபுணர் ஆவது எப்படி? ஸ்ரீபெரும்புதூர் வழக்கு சொல்லும் பாடமும், முன்னால் இருக்கும் வழிகளும்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டும் கம்பெனி பஸ்கள் தினமும் ராஜீவ் காந்தி நினைவிடத்தைக் கடந்துதான் போகின்றன. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று ஷிப்ட்டுக்குப் போகும் இளைஞர்களில் பெரும்பாலோர் அந்தச் சம்பவம் நடந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் போனில் க்ரைம் சீரிஸ் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளை கோட், நீல விளக்கு, ஒரே ஒரு முடியை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் ஹீரோ. 'நாமும் இந்த மாதிரி ஆகலாமா? என்ன படிக்கணும்?' என்ற கேள்வி பலருக்கும் வருகிறது.

இந்தக் கேள்விக்கு பதில் தேட, பஸ் கடந்துபோகும் அந்த இடமே நல்ல தொடக்கம். இந்தியத் தடயவியல் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட ஒரு வழக்கு அங்கேதான் தொடங்கியது.

1991-ல் அங்கே நடந்தது என்ன?

1991 மே 21 இரவு. தேர்தல் பிரசாரக் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் உட்பட பலர் உயிரிழந்தனர். குண்டு எங்கே இருந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று அந்த இரவில் யாருக்கும் தெரியவில்லை. பூக்கூடையில் இருந்ததா, மாலையில் இருந்ததா என்று பல ஊகங்கள் கிளம்பின.

அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் பி. சந்திரசேகரன். அவரது குழு சிதறிக் கிடந்த துணித் துண்டுகள், வயர்கள், சிறு எஃகுக் குண்டுகள் ஆகியவற்றைச் சேகரித்தது. யார் உடலில் எந்தப் பகுதி எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரு பெண்ணின் தலையும் கை கால்களும் கிடைத்தன. நடு உடல் முற்றிலும் சிதைந்திருந்தது. குண்டு அந்தப் பெண்ணுக்கு அருகில் வெடித்திருந்தால் சேதம் ஒரு பக்கமாக இருந்திருக்கும். இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தால்தான் இப்படி ஆகும். பெல்ட் வெடிகுண்டு என்ற முடிவுக்கு வந்தது அந்த வழியில்தான். வெடிபொருள் ஆர்.டி.எக்ஸ். என்பதும் ஆய்வில் உறுதியானது.

இன்னொரு தடயம், ஒரு கேமரா. கூட்டத்தைப் படமெடுக்க வந்த ஹரிபாபு குண்டுவெடிப்பில் இறந்துவிட்டார். அவர் கேமரா தப்பியது. அதிலிருந்த பிலிமில் 10 படங்கள் பதிவாகியிருந்தன. கையில் மாலையோடு நின்ற பெண்ணும், வெள்ளை குர்தா பைஜாமாவில் பத்திரிகையாளர் போல நின்ற ஆளும் அதில் இருந்தார்கள். தணு, சிவராசன் என்று பின்னால் நாடே அறிந்த முகங்கள் அவை. டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழுவின் விசாரணைக்கு அந்தப் படங்கள்தான் முதல் திறவுகோல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சந்திரசேகரன் யாரையும் துரத்திப் பிடிக்கவில்லை. கார்த்திகேயன் ஆய்வகத்தில் உட்கார்ந்து எஃகுக் குண்டுகளை எண்ணவில்லை. சீரிஸில் ஒரே ஹீரோ செய்யும் வேலையை நிஜத்தில் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவர்கள் பிரித்துச் செய்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு, தேர்வு வேறு, வாழ்க்கையும் வேறு. இது புரியாமல் லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிச் சேர்ந்துவிட்டு, 'இந்த டிகிரிக்கு போலீஸ் வேலை கிடைக்காதா?' என்று கடைசி செமஸ்டரில் கேட்பதில் பயனில்லை.

அப்போ 'டிடெக்டிவ்' ஆகணும்னா?

வழக்கை விசாரிப்பவர், சாட்சிகளிடம் பேசுபவர், கைது செய்பவர், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்பவர் எல்லாம் காவல்துறையின் விசாரணை அதிகாரிதான். சினிமா 'டிடெக்டிவ்'வுக்கு நிஜத்தில் மிக நெருக்கமானவர் இவர். இதற்குத் தடயவியல் பட்டம் தேவையே இல்லை.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். பி.காம்., பி.இ., பி.ஏ. தமிழ் என எதுவானாலும் சரி. பொதுப் பிரிவுக்கு வயது 20 முதல் 30 வரை. இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடும் இருக்கிறது. எழுத்துத் தேர்வு, உடல் தகுதித் தேர்வு, நேர்முகத் தேர்வு தாண்டினால் பயிற்சி. அதற்கான தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம், ஒரகடத்திலிருந்து சாலை வழியே எளிதில் போகக்கூடிய வண்டலூர் பக்கத்து ஊனமாஞ்சேரியில்தான் இருக்கிறது.

ஆனால் எஸ்.ஐ. ஆன மறுநாளே கொலை வழக்கு கைக்கு வராது. கொலை வழக்குகளைப் பொதுவாக இன்ஸ்பெக்டர்தான் விசாரிப்பார். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால் டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும். நேரடியாக டி.எஸ்.பி. ஆக டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, ஐ.பி.எஸ். ஆக யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு. சி.பி.ஐ., என்.ஐ.ஏ. போன்ற மத்திய அமைப்புகளில் சப்-இன்ஸ்பெக்டர் ஆக எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வு. இதற்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும்.

ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் வயது வரம்பை முதலில் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. அறிவிப்பு எப்போது வரும் என்பது அரசின் கையில். வயது யாருக்காகவும் நிற்காது.

ஆய்வகத்தில் வேலை: இங்கேதான் அறிவியல் படிப்பு

சந்திரசேகரன் செய்தது போன்ற வேலை வேண்டுமென்றால் பாதை வேறு. தமிழ்நாட்டுக்கு இதில் பழைய வரலாறு உண்டு. 1849-லேயே அன்றைய மதராஸில் அரசு ரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் தொடங்கப்பட்டது. விஷம் வைத்துக் கொன்ற வழக்குகளில் குடலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. இன்று சென்னை மயிலாப்பூரில் காமராஜர் சாலையில் தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகம் இருக்கிறது. மண்டல ஆய்வகங்களும், சம்பவ இடத்துக்கே போகும் நடமாடும் பிரிவுகளும் உண்டு.

இங்கே 'தடயவியல்' என்று ஒரே மேஜை கிடையாது. விஷம், போதைப்பொருள், வெடிபொருள் என்றால் வேதியியல். துப்பாக்கி, தோட்டா என்றால் இயற்பியல். ரத்தம், எச்சில், டி.என்.ஏ. என்றால் உயிரியல், மரபியல். கையெழுத்து, போலிப் பத்திரம், கணினி, செல்போன் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு. இளநிலை அறிவியல் அலுவலர் பணியிடங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடத்தில் பட்டம் வேண்டும் என்பது அந்தந்த அறிவிக்கையில் இருக்கும். அதனால், வெறும் 'தடயவியல்' என்ற பெயருக்காக ஒரு கோர்ஸில் சேர்வதைவிட, வேதியியலிலோ உயிரியலிலோ நல்ல அடிப்படை உள்ள பட்டத்தை முடித்து, முதுநிலையில் தடயவியலுக்கு வருவது பல கதவுகளைத் திறந்தே வைத்திருக்கும்.

தேசிய அளவில் குஜராத் காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் முக்கியமானது. 2009-ல் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய நிறுவனம் ஆனது. பிளஸ் 2-வில் அறிவியல் படித்தவர்களுக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பும் அங்கே உண்டு. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை, திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை ஆகியவை பெயர்பெற்றவை. ஆனால் குற்றவியல் வேறு, தடயவியல் வேறு. குற்றம் ஏன் நடக்கிறது, சட்டமும் சமூகமும் அதை எப்படிக் கையாள்கின்றன என்பது குற்றவியல். ரத்தக்கறை யாருடையது என்பது தடயவியல். விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

மத்திய தடய அறிவியல் ஆய்வகங்களில் அறிவியல் அதிகாரிப் பணிகளுக்கு யு.பி.எஸ்.சி. விளம்பரம் வெளியிடும். கல்லூரியில் பாடம் நடத்தவோ ஆராய்ச்சிக்குப் போகவோ விரும்பினால் யு.ஜி.சி. நெட் தேர்வில் தடய அறிவியல் ஒரு பாடமாகவே இருக்கிறது.

கைரேகை எடுப்பவர் யார்?

பூட்டை உடைத்துத் திருடிய வீட்டில் பவுடர் தூவி பிரஷ்ஷால் தடவுபவர் ஆய்வக விஞ்ஞானி இல்லை. அவர் காவல்துறையின் கைரேகைப் பிரிவைச் சேர்ந்தவர். இதற்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமே 'சப்-இன்ஸ்பெக்டர் (கைரேகை)' என்று தனியாக ஆள் எடுத்திருக்கிறது. இதற்கு அறிவியல் பட்டம் கேட்பது வழக்கம். அறிவியலும் பிடிக்கும், காக்கிச்சட்டையும் வேண்டும் என்பவர்கள் தவறவிடக்கூடாத வழி இது.

டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு லைனில் நிற்பவர்கள் 'சப்-இன்ஸ்பெக்டர் (தொழில்நுட்பம்)' அறிவிப்பைப் பார்த்து இதுவும் தடயவியல் என்று நினைப்பதுண்டு. அது காவல்துறையின் வயர்லெஸ், தகவல் தொடர்பு சார்ந்த வேலை. நல்ல வேலைதான், ஆனால் சம்பவ இடத்தில் தடயம் சேகரிக்கும் வேலை அல்ல.

சரி, இப்போ இதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

காரணம், 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் போய்ச் சான்றுகளைச் சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. இதை எந்தத் தேதியிலிருந்து கட்டாயமாக்குவது என்று அறிவிக்க மாநில அரசுகளுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. தன்னிடம் வசதி இல்லாத மாநிலம், வசதி வரும்வரை வேறு மாநிலத்தின் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சோதனை, பறிமுதல் ஆகியவற்றை வீடியோவில் பதிவு செய்யச் சொல்லும் 105-வது பிரிவும் புதிது.

இதையொட்டி 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை தடயவியல் கட்டமைப்பை மேம்படுத்த 2,254.43 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. புதிய வளாகங்களும் புதிய ஆய்வகங்களும் அதில் அடக்கம்.

சட்டப்படி தேவை கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் சட்டம் ஆளைக் கேட்பது ஒன்று, அரசு பணியிடம் உருவாக்கி, அறிவிக்கை விட்டு, தேர்வு நடத்தி நியமிப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடலாம். 'புதுச் சட்டம் வந்தாச்சு, வேலை கன்ஃபார்ம்' என்று சேர்க்கை விளம்பரத்தில் பார்த்தால், அந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செல்போனும் சான்றுதான்

1991-ல் ஒரு பிலிம் ரோல் செய்த வேலையை இன்று செல்போன், சிசிடிவி, வாட்ஸ்அப் பேக்கப் செய்கின்றன. பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணைக் குறிப்பிட வேண்டும். நிபுணர் ஒருவர் கையெழுத்திடவும் வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. வீடியோவில் ஒரு ஃபிரேம் மாறினாலும் எண் மாறிவிடும்.

கணினி, எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு வாய்ப்பு விரியும் இடம் இதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியலுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அரசு வேலைக்கு வெளியிலும் வங்கிகள், தணிக்கை நிறுவனங்கள், ஐ.டி. கம்பெனிகள் ஆகியவற்றுக்கு டேட்டா திருட்டு, பண மோசடியை ஆராய ஆட்கள் தேவை. அறிவிக்கைக்காகக் காத்திருக்காமல் சம்பளத்தோடு அனுபவம் சேர்க்க இந்தப் பாதை உதவும்.

'பிரைவேட் டிடெக்டிவ்' ஆகலாமே என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005-ல் சட்டம் வந்தது. தனியார் துப்பறியும் நிறுவனங்களுக்காக 2007-ல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. அதாவது, தனியார் துப்பறிவாளருக்கு லைசென்ஸும் இல்லை, தனி அதிகாரமும் இல்லை. அடுத்தவர் போனை ஒட்டுக்கேட்பது, கால் பதிவுகளை வாங்குவது எல்லாம் அவர் செய்தாலும் குற்றம்தான்.

லைனில் கற்றது இங்கே உதவுமா?

உதவும். தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருப்பவருக்கு ஒரு பழக்கம் இருக்கும். பழுதான பாகம் வந்தால் எந்த பேட்ச், எந்த ஷிப்ட், எந்த மெஷின், யார் கை மாறியது என்று பார்கோடு வழியே பின்னோக்கிப் போவார். பதிவில் ஒரு இடம் விடுபட்டால் முழு ஆய்வும் சந்தேகத்துக்குள்ளாகும். தடயவியலின் உயிர்நாடியும் இதுவேதான்.

சம்பவ இடத்தில் கிடைத்த கத்தியை விசாரணை அதிகாரி மகஜர் எழுதி, சாட்சிகளின் கையெழுத்தோடு கைப்பற்றுகிறார். அது சீல் வைக்கப்பட்டு நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கிருந்து கடிதத்தோடு ஆய்வகத்துக்குப் போகிறது. ஆய்வகத்தில் சீல் உடையாமல் இருந்ததா என்று முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் பரிசோதனையே தொடங்கும். பல ஆண்டு கழித்துக் கூண்டில் ஏறும் நிபுணரிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் டி.என்.ஏ. பற்றிக் கேட்பதற்கு முன் கேட்பது: 'இந்தக் கவர் உங்க கைக்கு வந்த தேதி என்ன? சீல் எப்படி இருந்தது?' பதில் தடுமாறினால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை அறிவியலும் ஆட்டம் காணும்.

வெள்ளை கோட்டைவிட ரெஜிஸ்டரும் பேனாவும்தான் இந்த வேலையில் அதிக நேரம் கையில் இருக்கும். நாள்பட்ட சடலத்தின் நாற்றம், நள்ளிரவு அழைப்பு, ஆண்டுக்கணக்கில் நீளும் நீதிமன்ற சம்மன் ஆகியவையும் கூடவே வரும். இதெல்லாம் ஒத்துவருமா என்று தன்னையே கேட்டுக்கொள்வதுதான் முதல் நுழைவுத் தேர்வு.

ஒரு பேட்டரி, 31 ஆண்டுகள்

ராஜீவ் வழக்குக்கே இன்னொரு பக்கமும் உண்டு. 19 வயதில் கைதான பேரறிவாளன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, அவர் 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார், அவை வெடிகுண்டுக்குப் பயன்பட்டன என்பது. வெடிகுண்டில் பேட்டரி இருந்ததா என்பதை அறிவியல் சொல்லலாம். எதற்காக என்று தெரிந்துதான் ஒருவர் அதை வாங்கினாரா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அந்த இடத்தை நிரப்பியது தடா சட்டத்தின் கீழ் பதிவான வாக்குமூலம்.

அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வுபெற்ற பிறகு 2013-ல் ஒரு விஷயத்தைப் பொதுவெளியில் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதாகவும், அந்தப் பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகவும் அவர் தெரிவித்தார். பிறகு உச்ச நீதிமன்றத்திலும் அதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தார். முதலில் தூக்கு, பிறகு ஆயுள் எனத் தண்டனை மாறி, சுமார் 31 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது.

வழக்கைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. விசாரணை அதிகாரி எழுதாமல் விடும் ஒரு வரியும், ஆய்வகத்தில் கவனிக்காமல் விடும் ஒரு சீலும் ஒரே எடைதான். அந்த எடையைச் சுமப்பது வேறொரு மனிதரின் வாழ்க்கை.

ஃபீஸ் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

விசாரணையா, ஆய்வகமா, கைரேகையா, டிஜிட்டலா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அடுத்து, அந்தப் பணிக்குக் கடைசியாக வந்த அரசு அறிவிக்கையைத் தேர்வு வாரியத்தின் இணையதளத்திலிருந்தே எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படிக்க வேண்டும். சேரப்போகும் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா, 'அதற்கு இணையான' என்று இருந்தால் அரசாணை உண்டா என்று பார்க்க வேண்டும்.

கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா? மாணவர்கள் கையால் தொட்டுப் பழகும் சொந்த ஆய்வகம் இருக்கிறதா? முந்தைய பேட்ச் இப்போது எங்கே வேலை பார்க்கிறது? மூன்றாவது கேள்விக்கு நேரடியான பதில் வராவிட்டால் அங்கேயே யோசித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் அதை உடனே விட வேண்டியதில்லை. எஸ்.ஐ., சி.ஜி.எல். தேர்வுகளுக்குக் கையில் இருக்கும் பட்டமே போதும். தேவைப்படுவது தினமும் இரண்டு மணி நேரமும், வயது வரம்புக்குள் மிச்சமிருக்கும் ஆண்டுகளின் கணக்கும்தான்.